ஈரத்தை முதலில் பார்த்தது யார்

அந்த மருத்துவமனையின் அடித்தளத்தில் எதுவும் பின்னோக்கிப் போகக் கூடாது. அதுதான் அங்கே முதல் சட்டம்.

மேலே தியேட்டரில் ஆபரேஷன் முடிந்ததும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் ஒரு சின்ன லிஃப்டில் இறங்கி வரும். அந்த லிஃப்ட் திறப்பது கழுவும் அறையில். அங்கே அவற்றை ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, சுவருக்குள் பதித்திருக்கும் கழுவும் இயந்திரத்தில் வைப்பார்கள். இயந்திரத்துக்கு இரண்டு பக்கமும் கதவு. அழுக்காக இந்தப் பக்கம் உள்ளே போனது, கழுவிய பிறகு அந்தப் பக்கம் சோதிக்கும் அறையில் வெளியே வரும். அந்த அறையில் ஒவ்வொன்றையும் லென்ஸ் பொருத்திய விளக்கின் கீழே பிடித்துப் பார்த்து, தட்டில் அடுக்கி, இரண்டு சுற்றுத் துணியில் பொட்டலம் கட்டி, நீராவிப் பெட்டிக்குள் தள்ளுவார்கள். பெட்டிக்கும் அதே மாதிரி இரண்டு கதவு. வெந்து வெளியே வந்த பொட்டலங்கள் வேறொரு லிஃப்டில் மறுபடி தியேட்டருக்கு ஏறும். அழுக்கு வரும் வழி ஒன்று, சுத்தம் போகும் வழி ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. யோசித்துப் பார்த்தால் மிக அழகான ஏற்பாடு.

அதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கழுவும் அறைக்கும் சோதிக்கும் அறைக்கும் நடுவே, சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு ஜன்னல். லென்ஸில் பார்க்கும்போது இடுக்கியின் பல்லில் காய்ந்த பொட்டு ஏதாவது தென்பட்டால் அந்த ஜன்னலைத் திறந்து, “மறு கழுவல்” என்று சொல்லி நீட்டிவிடுவார்கள். அந்த அடித்தளத்தில் பின்னால் போக அனுமதி உள்ளது அது ஒன்றுக்குத்தான்.

இந்த இடம் முழுவதையும் மேய்த்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் ஆவியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நீராவிப் பெட்டியின் பக்கத்திலேயே நின்று நின்று வந்த பெயர் அது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ், மேலேயிருந்து போன் செய்து, “கீழ யாரு இருக்காங்க?” என்று கேட்டாளாம். “இங்க யாரும் இல்ல, ஆவி மட்டும்தான் இருக்கு” என்று பதில் போனதாம். போனை அப்படியே தொங்கவிட்டுவிட்டு அந்தப் பெண் ஓடிப்போனாள் என்பார்கள். பதில் சொன்னது கண்ணாடி.

கண்ணாடி என்பதும் பட்டப்பெயர்தான். லென்ஸ் விளக்கின் கீழே உட்கார்ந்து நாள் முழுவதும் இடுக்கிகளின் பல்லை எண்ணுகிறவள் அவள். ஆவியக்காவும் அவளும் ஒரே சமயத்தில் கழுவும் அறையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சோப்புத் தண்ணீரில் கை வெடித்து, ஒருத்தி விரலுக்கு இன்னொருத்தி களிம்பு தடவி, இரண்டு பேரும் ஒன்றாக அந்தச் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தவர்கள். ஒருத்தியிடம் ஒருத்தி ‘டீ’ போடாமல் பேசியதாக யாருக்கும் நினைவில்லை.

பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றுப் போனதும், அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும்படி ஆவியக்காவிடம் சொன்னார்கள். மார்பில் குத்திக்கொள்ளும் அட்டையில் ‘மேற்பார்வையாளர்’ என்று அச்சடித்து, பக்கத்தில் ‘(பொறுப்பு)’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுக் கொடுத்தார்கள். அந்த அடைப்புக்குறிதான் விஷயம். அது இருக்கும்வரை கையெழுத்து மட்டும்தான் அவளுடையது. நாற்காலி அவளுடையது இல்லை.

“பொறு, பொறுன்னு சொல்றாங்கல்ல, அதுக்குப் பேருதான் பொறுப்பு” என்றாள் கண்ணாடி. “நீ பொறுத்துக்கிட்டே இரு.”

ஒரு வருஷத்துக்கு மேல் பொறுத்தாயிற்று. கடைசியில் அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். தேர்வானால் அடைப்புக்குறி போகும். தேர்வாகாவிட்டால், பொறுப்பு முடிந்து, அவள் நிரந்தர வேலையாகக் கணக்கில் எந்த இடம் இருக்கிறதோ அங்கே திரும்ப வேண்டும். கணக்கில் அவளுடைய இடம் இன்னும் கழுவும் அறையாகவே இருந்தது. சுவரைத் தாண்டி வந்ததை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

அவளைத் தவிர விண்ணப்பித்தவர் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்த சாவி. இடுப்பில் ஒரு கொத்துச் சாவி தொங்க, நடக்கும்போது மாடு வருவதைப் போலச் சத்தம் கேட்கும். நல்ல மனிதர். ஆனால் நீராவிப் பெட்டியின் கதவை எந்தப் பக்கம் திறப்பது என்று அவருக்குத் தெரியாது. “ஆவியா, சாவியா” என்று அடித்தளத்தில் பந்தயம் கட்டினார்கள். சாவி மேல் பந்தயம் கட்ட ஆள் கிடைக்காததால் பந்தயம் நின்றுபோயிற்று.

இன்டர்வியூவுக்கு ஒத்திகை பார்க்கத் தங்கச்சி வந்தாள். காப்பீடு விற்கும் ஆபீசில் இரண்டு தடவை பதவி உயர்வு வாங்கியவள். எனவே இந்த விஷயத்தில் வீட்டுக்கே அவள்தான் பெரிய டாக்டர். சமையலறை மேஜைக்கு அந்தப் பக்கம் தேர்வுக் குழு மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஓரமாக ஆவியக்காவின் வீட்டுக்காரர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

“கஷ்டமான நேரத்துல என்ன முடிவெடுத்தீங்கன்னு கட்டாயம் கேப்பாங்க. உன்கிட்ட என்ன இருக்கு?”

“அந்த ஈரப் பொட்டலம் இருக்கே.”

“சொல்லு.”

“அன்னிக்கு நாங்க லோடை வெளியில எடுத்துக்கிட்டு இருந்தோம்…”

தங்கச்சி மேஜையில் பளாரென்று தட்டினாள். பட்டாணி நாலைந்து துள்ளி உருண்டது.

“நாங்கன்னா யாரு?”

“நானும் கண்ணாடியும்.”

“கண்ணாடியா இன்டர்வியூவுக்குப் போறா? அக்கா, அந்த ரூம்ல உனக்குன்னு ஒரே ஒரு நாற்காலிதான் போட்டிருப்பாங்க. நாங்கன்னு சொன்னா இன்னொருத்திய எங்க உட்கார வைப்ப?”

“மடியில வெச்சுக்கட்டுமே” என்றார் வீட்டுக்காரர், கீழே குனிந்து பட்டாணியைப் பொறுக்கியபடி.

“மாமா, நீங்க சும்மா இருங்க. அக்கா, எங்க ஆபீஸ்ல நாங்கன்னு பேசினவங்க எல்லாம் நான் சேர்ந்த அன்னிக்கு இருந்த அதே மேஜையிலதான் இன்னும் இருக்காங்க. நான்னு சொல்லு. நான் பார்த்தேன், நான் நிறுத்தினேன். எங்க, சொல்லு.”

இங்கே அந்த ஈரப் பொட்டலத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும். நீராவி, பெட்டிக்குள் நுழைந்து குளிர்ந்த உலோகத்தைத் தொட்டதும் தண்ணீராகிவிடுகிறது. ஆகும்போது தன்னிடம் இருக்கிற சூட்டையெல்லாம் உலோகத்துக்குக் கொடுத்துவிடுகிறது. கிருமியைக் கொல்வது அந்தச் சூடு. வேலை அதோடு முடிவதில்லை. வந்த தண்ணீரைப் பெட்டியே உறிஞ்சி வெளியேற்றி, பொட்டலத்தை மொறமொறவென்று காய வைக்க வேண்டும். காய்ந்த துணி கிருமியை உள்ளே விடாது. ஈரத் துணி விடும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, வெளியில் கையில் இருப்பதை, அலமாரியில் இருப்பதை, எல்லாம் உள்ளே இழுத்துவிடும். பொட்டலத்தின் மேல் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும்தான். ஆனால் அந்தக் கோடு சொல்வது, இந்தப் பொட்டலம் சூட்டைப் பார்த்தது என்பதை மட்டும்தான். சுத்தமாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதனால் ஒரே தடவையில் பெட்டிக்குள் போன லோடில் ஒரு பொட்டலம் வேர்த்திருந்தால், பெட்டிக்குள் ஏதோ கோளாறு என்று பொருள். மொத்த லோடையும் நிறுத்த வேண்டும்.

அன்றைக்கு மேலே டாக்டர் கை கழுவிவிட்டு நின்றுகொண்டிருந்தார். தியேட்டரிலிருந்து போன் மேல் போன். ஆவியக்கா டிராலியை லிஃப்டுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்து, பொத்தானில் கை வைத்துவிட்டாள். லோடை இறக்க உதவி செய்ய வந்திருந்த கண்ணாடி குனிந்து, கீழ்த் தட்டில் ஒரு பொட்டலத்தின் மடிப்பில் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

“ஆவி, இது வேர்த்திருக்குடி.”

“ஒண்ணுதானே? அத மட்டும் தூக்கி ஓரமா வை. மத்தத அனுப்பிடுவோம்.”

அப்படித்தான் சொன்னாள் ஆவியக்கா. சட்டம் தெரியாமல் சொல்லவில்லை. போன் அடித்துக்கொண்டிருந்ததால் சொன்னாள்.

கண்ணாடி வந்து லிஃப்டின் வாயை மறித்துக்கொண்டு நின்றாள். “உன் வயித்தக் கிழிச்சு, இந்தக் கத்தரியப் போடப்போறாங்கன்னா அனுப்புவியாடி?”

ஆவியக்கா பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். போனை எடுத்து, லோடு வராது என்று சொன்னாள். அதற்குப் பிறகு மேலேயிருந்து வந்த வசவு அனைத்தையும், போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவளே வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிரித்துப் பார்த்தபோது கீழ்த் தட்டு முழுக்க ஈரம். பெட்டியின் அடியில், சமையலறைத் தொட்டியில் இருப்பது போல ஒரு சல்லடை மூடி இருக்கும். அதில் துணி நூலும் டேப் துணுக்கும் சேர்ந்து மெத்தை போல அடைத்துக்கொண்டு, தண்ணீர் வடியாமல் நின்றிருந்தது. அதிலிருந்து தினமும் முதல் வேலையாக அந்தச் சல்லடையைக் கழற்றித் துடைக்க வேண்டும் என்ற வழக்கம் வந்தது.

“நான் பார்த்தேன்” என்றாள் ஆவியக்கா சமையலறையில். முதல் தடவை நாக்கு கூசியது. “நான் நிறுத்தினேன்.”

“ஆங்! அப்படி.”

“பார்த்தது அவடி.”

“போன்ல திட்டு வாங்கினது யாரு?”

“நான்.”

“லோடு வராதுன்னு கையெழுத்துப் போட்டது?”

“நான்தான்.”

“அப்புறம் என்ன? கொஞ்சம் தூக்கிச் சொல்றது பொய்யில்லக்கா. மாமா, சொல்லுங்களேன்.”

“என்னைச் சும்மா இருக்கச் சொன்னியே” என்றார் மாமா.

நாலாவது, ஐந்தாவது தடவையில் வாய் பழகிவிட்டது. மேஜை அடி வாங்குவதும் நின்றது.

இன்டர்வியூ அறை நாலாவது மாடியில். ஜன்னல் வழியாக வெயில் விழுந்தது. அடித்தளத்திலேயே இருந்த கண்ணுக்கு அது கூசியது. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நிர்வாகி. ஒரு பக்கம் பெரிய சிஸ்டர் என்று எல்லோரும் சொல்லும் தலைமை நர்ஸ். இன்னொரு பக்கம் ஹெச்.ஆர். அதிகாரி, அவர்தான் எழுதிக்கொள்கிறவர். தங்கச்சி சொன்னது சரி. எதிரே ஒரே ஒரு நாற்காலிதான்.

முதலில் வேலையைப் பற்றிய கேள்விகள். பொட்டலத்தை ஏன் சூட்டோடு குளிர்ந்த மேஜையில் வைக்கக் கூடாது, கனமான தட்டை ஏன் கீழே வைக்க வேண்டும் என்றெல்லாம் பெரிய சிஸ்டர் கேட்டார். அவருக்கே விடை தெரிந்த கேள்விகள். ஆவியக்கா சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டே வந்தார். நிர்வாகி தண்ணீர் குடித்தார். அதன் பிறகு தங்கச்சி சொன்ன அந்தக் கேள்வி, அப்படியே வந்தது.

ஆவியக்கா சொன்னாள். நான் லோடை இறக்கினேன், நான் ஈரத்தைப் பார்த்தேன், நான் நிறுத்தினேன். வாய் தடுமாறவில்லை.

பெரிய சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அந்த நாள் எனக்கும் ஞாபகம் இருக்கு. மேல ஒரே கூச்சல். சரி, கீழ ஈரத்த முதல்ல பார்த்தது யாரு?”

அந்தக் கேள்வி எளிமையாகத்தான் கேட்கப்பட்டது. ஒரு நொடி, லிஃப்டின் வாயை மறித்துக்கொண்டு நின்ற உருவம் அவள் கண்ணுக்குள் வந்தது. கூடவே, தங்கச்சி மேஜையில் தட்டிய சத்தமும் காதில் விழுந்தது.

“நான்தான் சிஸ்டர்.”

“கூட வேற யாரும் இல்லையா?”

“இருந்தாங்க. ஆனா முடிவு நான் எடுத்தது.”

“மேல யாருகிட்டயாவது கேட்டீங்களா?” என்றார் நிர்வாகி. “தியேட்டர் லிஸ்ட் மொத்தமும் நின்னுச்சே.”

“கேட்க நேரம் இல்ல சார். நானே முடிவெடுத்துட்டேன்.”

நிர்வாகி ஹெச்.ஆர். அதிகாரியைப் பார்த்தார். ஹெச்.ஆர். அதிகாரி ஏதோ எழுதினார். நன்றாக எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டு ஆவியக்கா படியிறங்கினாள்.

அவள் இறங்க, சாவி சத்தத்தோடு ஏறினார். “எப்படிக் கேக்கறாங்க ஆவியக்கா?” என்றார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்ததால் குரல் பாதிதான் வந்தது. “சும்மா பேசறாங்க, பயப்படாதீங்க” என்று தைரியம் சொல்லி அனுப்பினாள். ஜெயித்தவர்களுக்கு வரும் தாராளம் அது.

அடுத்த நாள் ஹெச்.ஆர். அதிகாரி அடித்தளத்துக்கு வந்தார். அவர் அங்கே வருவது அதுவே முதல் தடவை போலிருந்தது. தரையில் போட்டிருந்த சிவப்புக் கோட்டைத் தாண்டுவதற்கு முன் தலைக்குத் தொப்பியும் காலுக்கு உறையும் மாட்ட வேண்டும் என்றார்கள். அவசரத்தில் கால் உறையைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடி மட்டும் லென்ஸ் விளக்கை அவர் பக்கம் திருப்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

ஆவியக்கா நீராவிப் பெட்டியின் மறுபக்கம் இருந்தாள். பெட்டி ஓடாமல் இருந்ததால் பேச்சு கேட்டது.

“அந்த ஈரப் பொட்டலம் நடந்த அன்னிக்கு நீங்க டியூட்டில இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

“முதல்ல பார்த்தது யாருங்க?”

இடுக்கி தட்டில் விழும் சத்தம் கேட்கவில்லை. அந்த அறையில் அந்தச் சத்தம் நிற்பதே அபூர்வம். மேலே கேள்வி வந்ததால்தான் கீழே கேள்வி வருகிறது, மேலே என்ன பதில் போயிருந்தால் அதைச் சரிபார்க்க ஆள் வரும் என்று யோசிக்க, கண்ணாடிக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. ஊசியின் நுனி வளைந்திருப்பதைக் கண்டுபிடிக்கிற கண் அது.

“அவங்கதான்” என்றாள் கண்ணாடி. “அவங்கதான் பார்த்தாங்க. அவங்களேதான் நிறுத்தினாங்க.”

“நீங்க எல்லாரும்?”

“நாங்க எல்லாம் சும்மா நின்னோம் சார்.”

பெட்டிக்கு அந்தப் பக்கம் ஆவியக்கா மூச்சு விட்டாள். காப்பாற்றிவிட்டாள் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. ‘அவ’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘அவங்க’ என்று வந்ததை அவள் கவனித்தாள். பெரிய ஆளுக்கு முன்னால் மரியாதை கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மாலையில் இருவரும் கையுறையைக் கழற்றும்போது, “என்னடி கேட்டாரு அந்த ஆளு?” என்றாள், தெரியாதது போல.

“கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.”

“தேங்க்ஸ்டி.”

“எதுக்கு?” என்றாள் கண்ணாடி, கையுறையைத் தொட்டியில் போட்டுவிட்டு. ஆவியக்கா தன் கையுறையையும் அதே தொட்டியில் போட்டாள்.

பதவி சாவிக்குப் போயிற்று.

பலகையில் பார்த்ததும் ஆவியக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பெயரை மாற்றி அச்சடித்துவிட்டார்கள் என்று நினைத்தாள். அப்படி இல்லை என்று தெரிந்ததும் நாலாவது மாடிக்கு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல் ஏறிப்போனாள்.

ஹெச்.ஆர். அதிகாரி உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்ல எங்கேயோ பயிற்சி எடுத்திருந்தார்.

“உங்க வேலையில ஒரு குறையும் இல்லைங்க. பெரிய சிஸ்டர் உங்களுக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டாங்க, முதல்ல.”

“முதல்லன்னா?”

“அந்தச் சம்பவத்தப் பத்திப் பேசினப்ப குழுவுக்கு ஒரு சந்தேகம் வந்துருச்சு. அவ்வளவு பெரிய முடிவு, நீங்க ஒருத்தரே எடுத்திருக்கீங்க. கீழ இருக்கறவங்ககிட்டயும் பேசல, மேலயும் கேட்கல. முடிவு சரியானதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா அடுத்த தடவ தப்பா முடிவெடுத்தீங்கன்னா, தடுக்கக் கீழ ஒரு ஆள் வேணும்ல? இவங்க கூட வேலை செய்யறவங்க வாயத் திறப்பாங்களான்னு பெரிய சிஸ்டர் கேட்டாங்க. அதுக்குத்தான் நான் கீழ வந்தேன். யாராவது ஒருத்தர், ‘நானும் சொன்னேன், நாங்களும் தடுத்தோம்’னு சொல்லிடணுமேன்னு பார்த்தேன். சும்மா நின்னோம்னு சொல்லிட்டாங்க.”

ஆவியக்கா தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சாவிக்கு… அவருக்கு என்ன தெரியும்னு?”

“தெரியாதுதான். கத்துக்கலாம். நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும்.” அவர் கொஞ்சம் உற்சாகமானார். “ஆனா அவர் பேசின விதம் பாருங்க. ‘நாம இத இப்படி மாத்தலாம் சார், நாம எல்லாரும் உட்கார்ந்து பேசலாம் சிஸ்டர்’னு எங்களையும் உள்ள சேர்த்துக்கிட்டே பேசினாரு. நீங்க ‘நாங்க’ன்னுகூட ஒரு தடவ சொல்லல. நான் எழுதிக்கிட்டுதானே இருந்தேன்.”

நம் பேச்சில் இது ஒரு வேடிக்கை. ‘நாங்க’ என்றால் கேட்கிறவர் வெளியே நிற்க வேண்டும். ‘நாம’ என்றால் அவருக்கும் ஓர் இடம் போட்டாயிற்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர், கழுவும் அறைக்கும் சோதிக்கும் அறைக்கும் நடுவில் இருப்பது போல. ஸ்டோரில் உட்கார்ந்து, சரக்கு வாங்க வருகிற எல்லோரிடமும் ‘நாம பார்த்துச் செய்யலாம்’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிய சாவிக்கு அது தானாக வந்தது. ஆவியக்கா அந்தச் சுவரின் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. கண்ணாடியைத் தன் கையால் வெளியே தள்ளிவிட்டு, தனியாகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

இறங்கி வரும்போது அவள் இதையெல்லாம் நினைக்கவில்லை. படிக்குப் படி வேறொன்று ஏறிக்கொண்டே வந்தது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கண்ணாடி உண்மையைச் சொல்லியிருந்தால்.

லென்ஸ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி ஒரு கத்தரியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி அப்படிச் சொன்ன?”

“எப்படி?”

“நீ தடுத்தேன்னு சொல்லியிருந்தா எனக்குக் கிடைச்சிருக்கும்டி. அதுக்குத்தான் அந்த ஆளு வந்தானாம். சும்மா நின்னோம்னு சொல்லிட்டியே. வாயத் தொறந்து உண்மையச் சொல்ல என்ன கேடு உனக்கு?”

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்ன என்று அவள் காதுக்கே கேட்டது. அறையில் வேறு யாரும் இல்லை. கழுவும் இயந்திரம் மட்டும் கடைசிச் சுற்றுத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடி சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் ஆடியது. கத்தரியைத் தட்டில் அதன் இடத்தில் வைத்தாள். விளக்கை அணைத்தாள்.

“தப்புதான்” என்றாள். “இனிமே என்ன சொல்லணும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. அப்படியே சொல்லிடறேன்.”

“என்னடி ‘சொல்லிடுங்க’ன்னு?”

“வேற எப்படிச் சொல்றதுங்க?”

தங்கச்சி அன்றைக்குப் போன் செய்தாள். அந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஆளை எடை போடத் தெரியாது என்றாள். அவளுடைய ஆபீசாக இருந்தால் இப்படி நடந்திருக்காது என்றாள். மேல்முறையீடு செய்யலாம் என்றாள். ஆவியக்கா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். வீட்டுக்காரர் போனை வாங்கி, “அந்த மேஜை ஒரு கால் ஆடுது, நீ தட்டினதுலதான். வந்து சரி பண்ணிக் கொடுத்துட்டுப் போ” என்றார். அவர் சிரிக்க வைக்கத்தான் பார்த்தார்.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அடைப்புக்குறி போனது, கூடவே அதற்கு முன்னால் இருந்த சொல்லும். சாவிக்கு அவள் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். சல்லடையை எப்படிக் கழற்றுவது, கோடு விழுந்த டேப்பை ஏன் நம்பக் கூடாது என்று. அவர் பணிவாகக் கேட்டுக்கொண்டார். பணிவாகவே, “ஆவியக்கா, நாம இந்தப் பிரஷ் எல்லாத்தையும் இன்னிக்கே மாத்திடணும்” என்பார். “நாம அந்தத் தொட்டியக் கொஞ்சம் தேய்ச்சு வெச்சுடலாம்” என்பார். அவர் ‘நாம’ என்றால் ‘நீங்கள்’ என்று பொருள் என்பது ஒரு வாரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. நாலாவது மாடியில் இருந்தவர்களுக்கு இன்னும் புரிந்திருக்காது.

கழுவும் அறையில் சோப்பு மாறியிருந்தது. ஆனால் கை வெடிப்பது மாறவில்லை. பழைய இடங்களிலேயே, ஞாபகம் வைத்துக்கொண்டது போல வெடித்தது. களிம்பு பையிலேயே இருந்தது. ஒரு கையால் இன்னொரு கைக்குத் தடவிக்கொள்ளலாம்தான்.

ஒரு மதியம் சுவரில் இருந்த சின்ன ஜன்னல் திறந்தது. கையுறை போட்ட ஒரு கை ஒரு இடுக்கியை நீட்டியது.

“மறு கழுவல்.”

ஆவியக்கா ஓடிப்போய் வாங்கினாள். ஜன்னல் வழியாக லென்ஸ் விளக்கின் ஓரம் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

“எங்கடி இருக்கு?”

“பல்லுக்கு நடுவுலங்க.”

“எனக்குத் தெரியலையே. நீ காட்டேன்.”

“பாருங்க, நீங்களே பார்த்துடுவீங்க” என்றது குரல். கோபமே இல்லாத குரல். “முதல்ல பார்க்கறது நீங்கதானே.”

ஜன்னல் மூடிக்கொண்டது.

ஆவியக்கா இடுக்கியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். திருப்பினாள். இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தாள். இந்தப் பக்கத்தில் லென்ஸ் கிடையாது. பல்லுக்கு நடுவில் ஏதாவது இருக்கிறதா, இல்லையா என்று அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. பிரஷ்ஷை எடுத்து, இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள்.